பாப்பாரப்பட்டிக்காரன் விட்ட தண்ணீர்

ராஜமேரி முதல் தடவை கடைக்கு வந்த அன்று சின்னப்பன் லைட் போர்டில் மயிலின் கழுத்துக்குப் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். நீலச் சாயத்தில் முக்கிக் காயவைத்த பல்புகள் செய்தித்தாளின் மேல் நாவல்பழம் கொட்டியது போலக் கிடந்தன. வாசலில் நிழல் விழுந்தது. கல்யாண வீட்டுக்கு டியூப்லைட் கேட்டு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நிமிராமலே "சித்த இருங்க" என்றான்.

"அவசரமில்லீங்க. நீங்க வேலை செய்யறதப் பாக்கத்தான் வந்தேன்" என்றது ஒரு பெண்குரல்.

தருமபுரியில் கடை போட்ட இத்தனை வருடத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. சின்னப்பன் நிமிர்ந்தான்.

அவள் பொம்மிடியில் ரயில்வே வேலை பார்க்கும் சவரிமுத்துவின் மகள். மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். படிப்பு முடிய வேண்டுமென்றால் யாராவது ஒரு கலைஞரைப் பற்றி ஆராய்ந்து எழுதித் தர வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் சிற்பி, ஓவியர் என்று பெரிய பெயர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அவள் திருவிழாக்களில் சீரியல் செட் போடுகிறவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லையாம்.

"வெளிச்சத்தையே வச்சு வேலை செய்யற கலைஞருங்க வெளிநாட்டுல இருக்காங்க. நம்ம பக்கத்துல யாருன்னு விசாரிச்சேன். கோயிலுக்குக் கோயில் உங்க பேரைத்தான் சொன்னாங்க."

பையிலிருந்து ஒரு கனமான புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். வெள்ளைக்காரன் ஒருவன் காலி அறையில் சுவரோரமாக ஒரே ஒரு டியூப்லைட்டைச் சாய்த்து நிறுத்தியிருந்தான். அதைச் சுற்றி நின்று ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ கொண்டுவந்த அவன் மனைவி மதலேனம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு இருக்குதே கண்ணு. அங்க யாரும் நின்னு பாக்க மாட்டேங்கறாங்க. கீழ ஈதான் மொய்க்குது."

ராஜமேரி சிரித்தாள். சின்னப்பன் சிரிக்கவில்லை. கலைஞர் என்ற சொல்லைத் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்து மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் அவள் வந்தாள். காலை வண்டிக்கு வந்தால் சாயங்காலம் போவாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பார்ப்பாள், படம் போட்டுக்கொள்வாள், நடுநடுவே கேள்வி கேட்பாள். சின்னப்பன் தேய்த்த சட்டை போட ஆரம்பித்தான்.

"பல்பு மாட்டறதுக்கு எதுக்குங்க இஸ்திரி சட்டை? பல்பு உங்களைப் பாத்துட்டுப் பிடிச்சிருக்குதுன்னு சொல்லணுமா?" என்றாள் மதலேனம்மாள்.

சின்னப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ராஜமேரிக்கு ரோலரைப் பிரித்துக் காட்டினான். உருட்டுக்கட்டை போல ஒரு மரம். அதன் மேல் செம்புத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி ஆணி அடித்திருக்கும். பக்கத்தில் பித்தளை நாக்குகள் வரிசையாக நின்று மரத்தை உரசிக்கொண்டிருக்கும். மேஜை ஃபேன் மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் வந்து மரத்தைச் சுழற்றும். எந்த நாக்கின் மேல் செம்பு படுகிறதோ, அந்த வரிசைப் பல்புகள் எரியும். செம்பு விலகினால் அணையும்.

"வெளிச்சம் ஓடுற மாதிரி தெரியுது பாரு, ஒண்ணும் ஓடல. மாத்தி மாத்தி எரியுது, அவ்வளவுதான். ஓடுறது நம்ம கண்ணு."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். தான் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கொள்வதைப் பார்ப்பது சின்னப்பனுக்குக் கறிச்சோறு தின்பதை விட நிறைவாக இருந்தது.

"இதெல்லாம் யாரைப் பாத்துக் கத்துக்கிட்டீங்கண்ணா? இந்த மயிலு மாதிரி வேலையெல்லாம்?"

"யாரையும் பாக்கலம்மா. தானா வந்துச்சு."

உள்ளே மதலேனம்மாள் இருமினாள். அவளுக்குச் சளி ஒன்றும் இல்லை.

போகிற போக்கில் ராஜமேரி இன்னொன்றும் சொன்னாள். வருகிற மார்ச்சில் கல்லூரியில் கண்காட்சி. பத்திரிகைக்காரர்களெல்லாம் வருவார்கள். அவள் ஆராய்ச்சிக்காக ஒரு லைட் போர்டை முற்றத்தில் நிறுத்திக்கொள்ள வாத்தியார் சம்மதித்துவிட்டார். ஒன்றுக்குத்தான் இடம். அதைச் செய்தவர் பெயரைக் கீழே பெரிதாக எழுதி வைப்பார்கள்.

அன்றிலிருந்து சின்னப்பனுக்கு மயில் மயிலாகத் தெரியவில்லை. லாரியில் படுத்துக்கொண்டு மெட்ராஸ் போகிற மயிலாகத்தான் தெரிந்தது. கீழே 'தருமபுரி சின்னப்பன்'.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் முன்பு அவள் கேட்டாள்: "அண்ணா, பாப்பாரப்பட்டியில நஞ்சப்பன்னு ஒருத்தர் இருக்காராமே, லைட்டு வேலை நல்லா செய்வாராமே?"

சின்னப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டான். அது அவன் கையில்தான் இருந்தது.

"யாரும்மா சொன்னது?"

"பஸ்ல பேசிக்கிட்டாங்க."

"பஸ்ல நாலு பேரு நாலு பேசுவான். அவன் மோட்டாருக்குக் காயில் கட்டறவன்மா. ரைஸ் மில்லுல இருந்தான். காடு கழனி இருக்குது. அறுப்பு இல்லாத நேரத்துல பொழுது போவாம போர்டு கட்டுவான்."

"இருந்தாலும் பாத்துடறேண்ணா. ஒருத்தரைப் பத்தி எழுதினா, அவருக்கு முன்னால யாரு, பக்கத்துல யாரு, யாருகிட்டயிருந்து யாருக்கு என்ன வந்துச்சுன்னும் எழுதணும். வாத்தியாரு அதைத்தான் மொதல்ல கேப்பாரு."

போகாதே என்று எப்படிச் சொல்வது? "போய்ட்டு வாம்மா" என்றான். பஸ் எங்கே நிற்கும் என்றுகூடச் சொன்னான்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. சின்னப்பன் ஒரே பல்பை மூன்று தடவை கழற்றி மாட்டினான். மூன்றாம் நாள் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் கடைக்கு முதல் நாள் வந்தபோது இருந்த அதே முகம்.

"அவர் வூட்டு மாட்டுக்கொட்டாய்ல ஒரு பழைய போர்டு இருக்குதுண்ணா. அதுவும் மயிலு. மூணு வருஷம் முன்னால மாரியம்மன் பண்டிகைக்குச் செஞ்சதாம். உங்க மயிலு மாதிரியே நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் தோகை விரிக்குது. உங்களுது எந்த வருஷம்?"

"வருஷமெல்லாம் யாரு கண்டா? மயிலுன்னா தோகையத்தான் விரிக்கும். வேற எதை விரிக்கும், பாயையா?"

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். சின்னப்பனால் விட முடியவில்லை. அந்தப் பண்டிகை அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. பாப்பாரப்பட்டி சந்தை ரோட்டில் நஞ்சப்பன் போர்டு வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனான். கூட்டத்துக்குள் நின்று, தோகை எத்தனை வரிசை, எது முதலில் எரிகிறது, எது கடைசியில் அணைகிறது என்று விரல் விட்டு எண்ணினான். அடுத்த மாதமே மாதா கோயில் திருவிழாவில் சின்னப்பனின் மயில் தோகை விரித்தது. நஞ்சப்பனுடையதை விடப் பெரிய மயில். பார்த்தவர்களெல்லாம் சின்னப்பனைத்தான் புகழ்ந்தார்கள். நஞ்சப்பன் அவனை விட ஆறேழு வயது சின்னவன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "அண்ணே, மயிலு அருமையா இருந்துச்சுங்க" என்று சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சின்னப்பனால் இன்றுவரை மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பான்.

"டீ குடுத்தானா உனக்கு?" என்று கேட்டான்.

"வேர்க்கடலை வறுத்துக் குடுத்தாங்க. அவங்க காட்டுல வெளஞ்சதாம்."

சாயங்காலம் அவள் போனதும் சின்னப்பன் மதலேனம்மாளிடம், "அந்தப் பொண்ணு வந்தா வெறும் டீயே குடுக்கற. ஏதாவது செஞ்சு குடுக்கக் கூடாதா?" என்றான்.

"கடலைக்குப் போட்டியா கோழி அடிக்கட்டுங்களா?" என்றாள் மதலேனம்மாள்.

பொங்கல் முடிந்ததும் கல்மேட்டுப்பட்டியில் செபஸ்தியார் திருவிழா வந்தது. கல்மேட்டுப்பட்டி தருமபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவே உள்ள ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதி ஊர் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வேதக்காரர்கள் மேளம் வைப்பார்கள். செபஸ்தியார் திருவிழாவில் சப்பரம் திரும்பும் ஏரித் திருப்பத்தில் எரிகிற லைட் மற்றவர்கள் உபயம். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். கோயில் லைட் வழக்கம் போலச் சின்னப்பனுக்கு. ஏரித் திருப்பத்தை இந்த வருடம் நஞ்சப்பனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு பேர் வேலையும் ஒரே ஊர்ல, ஒரே நாள்ல" என்றாள் ராஜமேரி. கேமராவும் மூன்று கால் ஸ்டாண்டும் இரவல் வாங்கி வைத்திருந்தாள். "அதைப் பாத்துட்டுத்தாண்ணா முடிவு பண்ணப் போறேன், மெட்ராஸுக்கு எதை எடுத்துட்டுப் போறதுன்னு."

எதை என்றாள். யாரை என்று சின்னப்பனுக்குக் கேட்டது.

திருவிழா அன்று காலையிலேயே அவன் மயிலைக் கோயில் முகப்பில் ஏற்றிவிட்டான். இரண்டு பக்கமும் சிறகு விரித்த சம்மனசுகள். மயிலுக்கு இந்தத் தடவை கூடுதலாக ஒரு கொண்டை. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துச் சரி செய்துவிட்டு ஏரிப் பக்கம் நடந்தான். கையைக் காலை நீட்டி நடந்துவிட்டு வரலாம் என்றுதான் மதலேனம்மாளிடம் சொன்னான். கோயில் பந்தலில் மத்தியானப் பந்தி ஆரம்பித்திருந்தது. ஊரே அங்கே இருந்தது. நஞ்சப்பனும் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஏரி நிறைந்திருந்தது. கரையில், தண்ணீரை ஒட்டி, ஏரியைப் பார்த்தபடி போர்டு நின்றது. சின்னப்பன் முதலில் ஏமாந்து போனான். மயில் இல்லை, யானை இல்லை, ஒரு பூக்கூட இல்லை. கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகையில் வெள்ளைப் பல்புகள், அங்கங்கே வெளிறிய நீலம், மேலிருந்து கீழே கோணல்மாணலாக வரிசை வரிசையாக இறங்கின. ஒகேனக்கல் அருவி. வேறு எதுவும் இருக்க முடியாது.

பின்பக்கம் சாக்கு தொங்கியது. அதை விலக்கினான். பார்க்கத்தான் விலக்கினான்.

ரோலரைக் கையால் மெல்ல உருட்டினான். செம்புப் பட்டைகள் ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்று அகலம், ஒன்று நூல் போல. நஞ்சப்பன் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியிருந்தான். ஒரு வரிசை அணையும் முன்பே அடுத்தது எரியும். சில இடத்தில் பொறுத்து எரியும். தண்ணீர் அப்படித்தான் விழும். ஒரே தாளமாக விழாது. பாறையில் தட்டி, நின்று, மொத்தமாக இறங்கும். எல்லாப் பட்டையையும் ஒரே அளவாக வெட்டப் பழகுவதற்குச் சின்னப்பனுக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரே அளவாக வெட்டக் கூடாது என்று ஒருவன் யோசித்திருக்கிறான்.

ரோலரை இன்னொரு சுற்று உருட்டிப் பார்த்தான்.

பெல்ட்டைப் பார்த்தான். சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தான். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்: பெல்ட்டை நேராகப் போட்டால் ரோலர் ஒரு பக்கம் சுற்றும். ஒரு முறுக்கு முறுக்கி எட்டுப் போலக் குறுக்கே போட்டால் மறுபக்கம் சுற்றும். புதிதாக வேலைக்கு வருகிறவன் செய்கிற முதல் தப்பு அது. மாலை போட வந்த யானை மாலையைப் பிடுங்கிக்கொண்டு பின்வாங்கும். பல நாள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சட்டைப் பொத்தான் போடும் நேரம்கூட ஆகவில்லை. ட்யூபைக் கழற்றி, ஒரு முறுக்கு கொடுத்து, மாட்டிவிட்டுச் சாக்கை இழுத்து மூடினான்.

பந்திக்குப் போனான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும் இடத்தில் நஞ்சப்பன் எதிரே வந்தான்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"நம்ம போர்டைப் பாத்தீங்களா?"

"எங்க, நேரமே இல்ல" என்றான் சின்னப்பன்.

பொழுது சாய்ந்து பூசை முடிந்தது. பங்குச்சாமியார் சுவிட்சைப் போட்டார். மயில் தோகை விரித்தது. சனம் கை தட்டியது. சின்னப்பனுக்கு அந்தக் கைதட்டல் தெரியும். போன வருடமும் இதே அளவுதான் தட்டினார்கள். ராஜமேரி மூன்று படம் எடுத்தாள். "கொண்டை புதுசாண்ணா?" என்று கேட்டாள். அதையாவது கேட்டாளே என்று இருந்தது அவனுக்கு.

சப்பரம் கிளம்பியது. கூட்டம் அதன் பின்னால் ஏரிக்கரைக்குத் திரும்பியது. சின்னப்பன் மதலேனம்மாளோடு முன்வரிசைக்கே போய்விட்டான். இந்தத் தடவை தலையில் துண்டு போடவில்லை.

நஞ்சப்பன் சுவிட்சைப் போட்டான்.

போர்டின் அடியில் ஒரு வெளிச்சம் அசைந்தது. அடியிலிருந்து இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று மேலே மேலே போனது. ஒகேனக்கல் ஏறியது.

"டேய், தண்ணி மேல போவுதுடா" என்றான் ஒருவன்.

"கர்நாடகாக்காரன் திருப்பி இழுத்துக்கறான்" என்றான் இன்னொருவன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சப்பரம் தூக்கியவர்கள்கூடத் தோள் குலுங்கச் சிரித்தார்கள். சின்னப்பனுக்குக் காய்ச்சல் விட்டது போல உடம்பு லேசானது. நஞ்சப்பன் முகத்தைத் தேடினான். இருட்டில் தெரியவில்லை. ராஜமேரியின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. போர்டையும் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஏரியை.

சின்னப்பனும் பார்த்தான்.

ஏரிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கரையில் மேலே ஏறிய வெளிச்சம், ஏரியில் விழுந்த பிம்பத்தில் தலைகீழாகி, ஆழத்துக்குள் இறங்கியது. பட்டைகளின் கோணலெல்லாம் அங்கே பாறையாகித் தட்டித் தட்டி விழுந்தது. காற்றில் ஏரி லேசாக அசைய, விழுகிற தண்ணீர் உண்மையாகவே நனைந்து கிடந்தது. அது விழத் தொடங்குகிற இடத்திலிருந்து, மேலே, போர்டில், வெள்ளையாக ஏதோ கிளம்பிக் கிளம்பி எழுந்தது.

ஊரில் துணி விற்கும் கன்னடக்காரக் குடும்பத்தின் மருமகள்தான் அதை முதலில் சொன்னாள். "மேல எழும்பறது தண்ணி இல்லீங்க, பொகை. அங்க பாறையில அடிச்சு இப்படித்தான் பொகையா வரும். எங்க பாஷையில ஒகேனக்கல்லுன்னாலே பொகைக் கல்லுதான்."

சிரிப்பு அங்கங்கே நின்றது. பிறகு முழுவதும் நின்றது. ரோலர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சப்பரம் தூக்கியவர்கள் கீழே இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வழியில் சப்பரத்தை இறக்குவது அந்த ஊரில் வழக்கமில்லை. சாமியாரும் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜமேரி ஸ்டாண்டை விரிக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவசரமாக விரித்தாள். படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். எத்தனை என்று சின்னப்பன் எண்ணவில்லை. மூன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

"இதுதான்" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். "மெட்ராஸுக்கு இதுதான். முற்றத்துல தண்ணி கட்டி நிறுத்தணும்."

கூட்டத்தைத் தாண்டி நஞ்சப்பனிடம் போனாள். சின்னப்பனும் பின்னாலேயே போனான். மதலேனம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், விடுவித்துக்கொண்டு போனான்.

"எப்படித் தோணுச்சுண்ணா இது? தண்ணியை மேல விடணும்னு?"

நஞ்சப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ராஜமேரியின் தோளுக்குப் பின்னால் நின்ற சின்னப்பனை ஒரு பார்வை பார்த்தான்.

"தானா வந்துச்சும்மா" என்றான்.

சின்னப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மானம் என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும், அடுத்த வருடம் கோயில் வேலை கிடைக்குமா, எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தன் கையால் வந்த ஒன்றை இவன் பெயரில் எழுதிக்கொண்டு போகப் போகிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"தானா எங்கடா வந்துச்சு?" என்றான். "பெல்ட்டைக் குறுக்கப் போட்டது நான். மத்தியானம், நீ சோத்துக்குப் போனப்ப. நான் போட்டேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். கர்நாடகாக்காரன் என்று சொன்னவன் வாயைத் திறந்து மூடிக்கொண்டான். ராஜமேரி ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"எதுக்குண்ணா போட்டீங்க?"

சின்னப்பன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து சேர்ந்த மதலேனம்மாள், "எதுக்குன்னு கேக்கறியே கண்ணு. பொறாமைதான். மூணு வருஷமா வூட்டுல அதைத்தான் பொங்கித் தின்னுட்டு இருக்கோம்" என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நஞ்சப்பன் சிரிக்கவில்லை.

"தெரியுங்கண்ணே" என்றான். "பொழுது எறங்கறப்ப ஓட்டிப் பாத்தேன். தண்ணி மேல போச்சு. பகீர்னு ஆயிடுச்சு. சாக்கைத் தூக்கிப் பாத்தா பெல்ட்டு குறுக்க கெடக்குது. நேராப் போட்டுடலாம்னு கையை வச்சேன். அப்பத்தான் ஏரியைப் பாத்தேன். சரி, வுட்டுட்டேன்."

"வுட்டுட்டியா?"

"நல்லா இருந்துச்சுங்களே. அப்புறம் எதுக்கு மாத்தறது?"

அப்போதுதான் சின்னப்பனுக்கு முழுசாக வலித்தது. ஊர் முன்னால் சொன்னதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அவனும் அந்தப் போர்டின் பின்னால் நின்றவன்தான். அவனுக்கும் முன்னால் அதே ஏரி இருந்தது. தன் போர்டில் எவனாவது பெல்ட்டை முறுக்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தான். ஏரியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். நேராகப் போட்டிருப்பான், முறுக்கியவனைத் தேடிப் போயிருப்பான். தன்னிடம் இருந்தது முறுக்கு மட்டும்தான். கண் நஞ்சப்பனிடம் இருந்தது.

ராஜமேரி எழுதுவதற்கு எடுத்த பேனாவை மூடாமல் நின்றாள். "அப்ப இது யாருதுன்னு எழுதட்டும்?"

"ரெண்டு பேரு பேரையும் போடும்மா" என்றான் நஞ்சப்பன்.

சின்னப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தவன் மூக்கை உறிஞ்சினான். ரப்பர் தீய்கிற நாற்றம்.

"டேய், ட்யூபு தீயுது" என்றான்.

குறுக்கே போட்ட ட்யூப் நடுவில் ஒன்றோடொன்று உரசிச் சூடேறிவிட்டது. நஞ்சப்பன் ஓடிப் போய்ச் சாக்கைத் தூக்குவதற்குள் அது அறுந்தது. போர்டில் வெளிச்சம் பாதியில் நின்றது. ஏரிக்குள் தண்ணீர் நடுவழியில் தொங்கியது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"வேற ட்யூபு இருக்குதுங்க" என்றான் நஞ்சப்பன், பெட்டியைத் துழாவிக்கொண்டே. "ஆனா அதுவும் தீயும். குறுக்க போட்டா ரப்பர் தாங்காது."

சின்னப்பன் தன் பையைத் திறந்தான். அவன் எப்போதும் ரப்பர் போடுவதில்லை. தையல் மிஷினுக்குப் போடுகிற தோல் பெல்ட்டைத்தான் வாங்கி, அளவுக்கு வெட்டிக் கொக்கி மாட்டுவான். புதிய பெல்ட் ஒன்று சுருளாக இருந்தது. போர்டின் பின்னால் போய் உட்கார்ந்தான். நஞ்சப்பன் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டு டார்ச் அடித்தான். ராஜமேரி குனிந்து பார்த்தாள். சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டால் போதும். நேராக மாட்டலாம். தோல் இவ்வளவுதான் இருக்கிறது, குறுக்கே போட நீளம் பத்தாது என்று சொன்னால் யாரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள். தண்ணீர் எல்லா ஊரிலும் விழுகிறது போல விழும். ஏரியில் ஏதோ ஒன்று மேலே வரும், யாரும் பார்க்க மாட்டார்கள். மெட்ராஸுக்கு மயில் போனாலும் போகும்.

சின்னப்பன் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போர்டின் ஓரமாக எட்டி ஏரியைப் பார்த்தான். நடுவழியில் தொங்கிய தண்ணீர் இன்னும் அங்கேயே தொங்கியது.

பெல்ட்டுக்கு ஒரு முறுக்குக் கொடுத்தான். மத்தியானம் கொடுத்த அதே முறுக்கு. மோட்டாரில் மாட்டி, ரோலரில் மாட்டி, அளவு பார்த்து வெட்டி, பல்லால் கடித்துக் கொக்கியை இறுக்கினான்.

"மோட்டாரைப் போடு" என்றான்.

நஞ்சப்பன் சுவிட்சைப் போட்டான். சாக்கின் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வெளிச்சம் தெரியாது. ரோலரில் நீலமாகப் பொறி தெறிப்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் கூட்டம் அமைதியானதை எல்லோரும் கேட்டார்கள். பிறகு சப்பரத்தைத் தூக்குகிற சத்தமும் கேட்டது.

சின்னப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். ராஜமேரி எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுதி முடிக்கும் வரை நின்றான்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"பெல்ட்டு என்னுதுன்னு எழுதிக்க."

"எழுதறேண்ணா."

"தோல் பெல்ட்டுன்னு எழுதும்மா" என்றான் நஞ்சப்பன். "ரப்பரு நிக்கல, அண்ணன் குடுத்த தோல் பெல்ட்டுதான் நின்னுச்சுன்னு எழுது."

சின்னப்பன் டார்ச் வெளிச்சத்தில் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். கிண்டல் எங்காவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.